உட்கார்ந்திருந்தவரும் படுத்திருந்தவரும்

அன்புள்ள ஐயா,

கைதானவரிடம் விசாரணைக்கு முன் அவருடைய உரிமைகளைச் சொல்லவேண்டும் என்ற மிராண்டா வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அமெரிக்கத் தீர்ப்புகளைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாக்ஸ்டர் வழக்கில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். நாஷ்வில் நகரில் திருட்டுச் சந்தேகத்தில் துரத்தப்பட்ட ஒருவர், தரையில் உட்கார்ந்து இரு கைகளையும் உயர்த்திய பிறகும் போலீசார் நாயை ஏவிக் கடிக்கவிட்டார்கள் என்கிறார். சரணடைந்தவர்மீது நாயை ஏவுவது தவறு என்று அவர் வழக்கை விசாரித்த மேல்முறையீட்டு நீதிமன்றமே முன்பு தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கில் இருந்தவர் படுத்திருந்தாராம், இவர் உட்கார்ந்திருந்தாராம். இந்த வேறுபாட்டைக் காட்டி, ‘தகுதிவாய்ந்த பாதுகாப்பு’ என்ற ஒன்றின் பேரில் காவலர்களை விடுதலை செய்துவிட்டார்கள்; 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. முன்தீர்ப்பு இல்லாவிட்டால் ஒரு காவலருக்கு நல்லது கெட்டது தெரியாதா? இப்படி ஒரு சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் எப்படி இயற்றியது?

அன்புடன்,
ஒரு வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று சொற்களை முதலில் திருத்திக்கொள்வோம். அதனால் உங்கள் கோபம் தணிந்துவிடாது. ஆனால் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரும்.

முதலாவது, ‘விடுதலை’. அந்த வழக்கில் காவலர்கள் யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. அது இழப்பீடு கேட்டுத் தொடுக்கப்பட்ட உரிமையியல் வழக்கு. நீங்கள் குறிப்பிடும் பாதுகாப்பு இத்தகைய இழப்பீட்டு வழக்குகளுக்கு மட்டும் உரியது. குற்றவியல் வழக்கு வந்தால் அது எந்தக் காவலருக்கும் கைகொடுக்காது. இரண்டாவது, ‘உறுதிசெய்தது’. உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள மறுத்தது, அவ்வளவுதான். எடுக்க மறுப்பது கீழ்த் தீர்ப்பு சரி என்று சொல்வதாகாது என்பது அந்நீதிமன்றத்தின் பழைய வழக்கம். அந்த மறுப்பை எதிர்த்துத் தனிக்குறிப்பு எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். அங்குள்ள நீதிபதிகளில் மிகப் பழமைவாதி என்று பெயர் பெற்றவர்.

மூன்றாவது, ‘தகுதிவாய்ந்த பாதுகாப்பு’. இது நம் செய்தித்தாள்கள் அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பு. குவாலிஃபைட் இம்யூனிட்டி என்பதில் முதற்சொல்லுக்குத் தகுதி என்ற பொருளே இல்லை. நிபந்தனைக்கு உட்பட்டது, முழுமையற்றது என்பதே பொருள். நீதிபதிகளுக்கும், பதவி சார்ந்த செயல்களைப் பொறுத்தவரை குடியரசுத் தலைவருக்கும் இழப்பீட்டு வழக்குகளிலிருந்து முழு விலக்குரிமை உண்டு. மற்ற அதிகாரிகளில் பெரும்பாலோருக்கு நிபந்தனை விலக்குரிமை. நான் இனி அப்படியே எழுதுகிறேன்.

நாடாளுமன்றம் எப்படி இயற்றியது என்று கேட்டிருக்கிறீர்கள். அது இயற்றவே இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேட்டையாடியபோது, உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளாமலோ கூடச் சேர்ந்துகொண்டோ இருந்தார்கள். அதற்கு மாற்றாக 1871இல் காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றியது வேறொரு சட்டம். மாநில அதிகாரத்தின் பேரால் ஒருவருடைய அரசியலமைப்பு உரிமையைப் பறிக்கும் எவரும் பாதிக்கப்பட்டவருக்குப் பொறுப்பாவார் என்கிறது அது. இன்று 1983ஆம் பிரிவு என்று வழக்குரைஞர்கள் குறிப்பிடுவது இதைத்தான். (1983 என்பது ஆண்டு அல்ல, சட்டத் தொகுப்பில் அதன் எண்; இதில் தடுக்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன்.) அதன் வாசகத்தில் விலக்குரிமை என்ற சொல் எங்கும் இல்லை. தாமஸின் தனிக்குறிப்பும் இந்த இடத்தைத்தான் தொட்டுக் கேள்வி கேட்கிறது.

இச்சட்டம் ஏறத்தாழ 90 ஆண்டுகள் தூங்கியது. எழுப்பியது 1961இல் வந்த மன்றோ வழக்கு. சிகாகோவில் 13 காவலர்கள் விடியற்காலையில் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் பிடியாணை இல்லாமல் நுழைந்து, குடும்பத் தலைவரைக் கூடத்தில் நிர்வாணமாக நிறுத்தி, வீட்டைக் கலைத்துப் போட்டு, அவரைக் காவல் நிலையத்தில் 10 மணி நேரம் வைத்திருந்து, வழக்கு ஏதும் பதியாமல் அனுப்பிவைத்ததாகப் புகார். காவலர் மாநிலச் சட்டத்தையே மீறி நடந்திருந்தாலும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது.

திறந்த கதவை ஒருக்களித்தது 1967ஆம் ஆண்டின் பியர்சன் வழக்கு. 1961இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில், வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட காத்திருப்பு அறையில் கறுப்பரும் வெள்ளையருமாக 15 பாதிரியார்கள் நுழைந்தார்கள், கைது செய்யப்பட்டார்கள். காவலர்கள் எந்தச் சட்டப்படி கைது செய்தார்களோ அதை அத்தகைய சூழலில் பயன்படுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று பிறகு தீர்ப்பு வந்தது. அன்று செல்லுபடியாகும் என்று நல்லெண்ணத்தோடு நம்பிய சட்டத்தைச் செயல்படுத்தியதற்காகக் காவலரைத் தண்டத்தொகை கட்டச் சொல்லலாமா என்று கேட்டு, கூடாது என்றார் தலைமை நீதிபதி வாரன். அந்த அளவில் அதை நியாயமற்றது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நல்லெண்ணம் என்ற அந்த நிபந்தனை 1982இல் போய்விட்டது. ஹார்லோ வழக்கு காவலர் தொடர்பானதே அல்ல. போக்குவரத்து விமானத் திட்டத்தில் செலவு எக்கச்சக்கமாக எகிறியதை நாடாளுமன்றக் குழு முன் சொன்ன விமானப்படையின் சிவில் அலுவலர் ஒருவர் வேலையிழந்தார். குடியரசுத் தலைவராக இருந்த நிக்சனின் வெள்ளை மாளிகை உதவியாளர்கள்மீது வழக்குப் போட்டார். அதிகாரியின் மனத்தில் என்ன இருந்தது என்று தோண்டத் தேவையில்லை. அவர் மீறிய உரிமை அந்த நேரத்தில் ‘தெளிவாக நிலைநாட்டப்பட்டதா’ என்று மட்டும் பார்த்தால் போதும் என்றது நீதிமன்றம். உயர் அலுவலர்களை ஓயாத வழக்குகளிலிருந்து காக்க வார்த்த அளவுகோல் நாஷ்வில்லில் நாயைப் பிடித்திருந்த காவலருக்கும் அளவுகோலாயிற்று.

தெளிவாக நிலைநாட்டப்பட்டது என்றால் என்ன? ஏறத்தாழ இதே சூழலில் இது தவறு என்று முன்தீர்ப்பு இருக்கவேண்டும் என்பதே நடைமுறைப் பொருளாகிவிட்டது. உட்கார்ந்திருந்தவர், படுத்திருந்தவர் என்ற பிரிப்பு பிறப்பது இங்கேதான். சந்தேக நபர் ஒளிந்திருந்தது, இடம் பழக்கமில்லாதது என்று நீதிபதிகள் வேறு காரணங்களும் சொல்லியிருக்கிறார்கள். நேர்மைக்காக அதையும் குறிப்பிடுகிறேன். ஆயினும் கைகளை உயர்த்திய ஒரு மனிதரைப் பார்த்த பிறகும் அந்தக் காரணங்களுக்கு எடை உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் இக்கோட்பாட்டில் எனக்குள்ள முதன்மையான குறை 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மேல் அல்ல, 2009ஆம் ஆண்டின் பியர்சன்–கலஹன் வழக்கின்மேல்தான். (அந்தப் பழைய பியர்சன் வேறு, இவர் வேறு.) 2001 முதல், உரிமை மீறப்பட்டதா என்று முதலில் சொல், அது நிலைநாட்டப்பட்டதா என்று பிறகு சொல் என்று கீழ் நீதிமன்றங்கள் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தன. அந்த முறையில் வாதி தோற்றாலும் சட்டம் ஒன்று மிஞ்சும். அடுத்து வருபவருக்கு அது முன்தீர்ப்பாகும். முடிவை மாற்றாத அரசியலமைப்புக் கேள்விகளில் காலம் வீணாகிறது என்று கீழ் நீதிபதிகளே குறைப்பட்டுக்கொண்டதால், முதற்கேள்வியை விரும்பினால் தவிர்க்கலாம் என்று 2009இல் தளர்த்தினார்கள்.

விளைவை கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரம் தொடர்பான 2019ஆம் ஆண்டு வழக்கில் பாருங்கள். சோதனைக்கு வந்த காவலர்கள் 50,000 டாலர் கைப்பற்றியதாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். எடுத்துச் சென்றது ரொக்கமாக 1,51,380 டாலரும் 1,25,000 டாலர் மதிப்புள்ள அரிய நாணயங்களும், மீதியைத் திருடிக்கொண்டார்கள் என்றனர் உரியவர்கள். திருட்டு ஒழுக்கக்கேடு என்று காவலர்கள் உணர்ந்திருக்கவேண்டும் என்று 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமே எழுதியது. ஆனால் ஆணையின்படி கைப்பற்றிய பொருளைத் திருடுவது நியாயமற்ற சோதனையையும் கைப்பற்றலையும் தடுக்கும் நான்காம் அரசியலமைப்புத் திருத்தத்தை மீறுவதாகும் என்பது அன்று தெளிவாக நிலைநாட்டப்படவில்லை என்று சொல்லி விலக்குரிமை வழங்கியது. சரி, அது மீறல்தானா? அதைத் தாங்கள் முடிவு செய்யவில்லை என்று எழுதி முடித்துக்கொண்டது. இந்த நிலையில் நாளைக்கு இன்னொரு காவலர் அதே திருட்டைச் செய்தாலும் நிலைநாட்டப்படவில்லை என்ற அதே பதிலைச் சொல்லலாம்.

தனிக் காவலர் திவாலாகிவிடுவாரே என்ற வாதம் அடிக்கடி வரும். ஜோனா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2006 முதல் 2011 வரை 44 பெரிய காவல் துறைகளில் வாதிகளுக்குக் கிடைத்த தொகையில் காவலர்கள் தம் கையிலிருந்து கொடுத்தது 0.02 விழுக்காடு. மற்றதெல்லாம் நகராட்சியும் அரசும் கட்டியவை. அப்படியானால் நகராட்சிமீதே வழக்குப் போடலாமே என்றால், ஊழியர் தவறு செய்தார் என்பது மட்டும் போதாது. நகராட்சியின் கொள்கையோ வழக்கமோதான் காரணம் என்று மெய்ப்பிக்கவேண்டும் என்று 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று குறுக்கே நிற்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முன்தீர்ப்பு இல்லாவிட்டால் நல்லது கெட்டது தெரியாதா? தெரியும் என்று உச்ச நீதிமன்றமே இருமுறை சொல்லியிருக்கிறது. கழிவு அப்பிய அறையிலும், சாக்கடை தேங்கிய இன்னோர் அறையிலுமாக ஆறு நாள் அடைக்கப்பட்ட டெக்சஸ் கைதியின் வழக்கில், ஆறே நாள்தானே என்று வழங்கப்பட்டிருந்த விலக்குரிமையை 2020 நவம்பரில் அது நீக்கியது. அதற்கு முந்தையது 2002ஆம் ஆண்டின் ஹோப் வழக்கு. நேரம் கிடைத்தால் அதை முழுதாகப் படியுங்கள். அலபாமா சிறையில் கட்டுத்தறி போன்ற ஒரு கம்பியில் ஒரு கைதியைக் கைவிலங்கோடு மாட்டி, சட்டையைக் கழற்றி, ஏழு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார்கள். தண்ணீர் ஓரிரு முறை மட்டும். ஒரு காவலர் அவருக்கு எதிரில் நாய்களுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, குடிநீர்க் கலனை அருகே கொண்டுவந்து மூடியைத் திறந்து உதைத்துக் கவிழ்த்தார் என்பது கைதியின் தரப்பு. கொடுமைதான், ஆனால் ஒத்த முன்தீர்ப்பு இல்லை என்றிருந்தது கீழ் நீதிமன்றம். அதை மாற்றி எழுதியபோது நீதிபதி ஸ்டீவன்ஸ் சுட்டிக்காட்டியவற்றுள் ஒன்று சிறைத்துறையின் சொந்த விதி. கட்டிவைக்கப்பட்டவருக்குத் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டுமா என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு, அவர் சொன்ன பதிலோடு பதிவுத்தாளில் எழுதவேண்டும். சில வாரங்களுக்கு முன் அதே கைதியைக் கட்டியபோது ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. இந்த ஏழு மணி நேரத்துக்கு மட்டும் அப்படியொரு தாள் இல்லை. செய்வது தவறு என்று அவர்கள் அறிந்தே இருந்தார்கள் என்பதற்கு அந்த இல்லாத தாளையே அவர் சான்றாக எடுத்துக்கொண்டார்.