கனடா ஏரிப் பயணத்துக்குச் சென்னையில் எதை வாங்கலாம்?

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் டொரன்டோவில் இருக்கிறார்கள். ஜூலையில் நாங்கள் அங்கே போகும்போது அல்கான்குவின் பூங்காவில் நான்கு நாள் கேனோ பயணம் போகலாம் என்கிறார் மாப்பிள்ளை. ஏரி ஏரியாகத் துடுப்புப் போட்டுப் போய், கரையில் கூடாரம் அடித்துத் தங்கி, மீன் பிடித்துச் சமைப்பதாம். "இங்கே எல்லாம் விலை அதிகம், டென்ட், ஸ்லீப்பிங் பேக், லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் சென்னையிலேயே வாங்கி வந்துவிடுங்கள்" என்கிறாள் மகள். எனக்கு வயது 57. எதை வாங்குவது, எதை விடுவது? (வேளச்சேரி வாசகர்)

பதில்: மகள் சொல்வது பாதி சரி. உங்கள் உடம்போடு ஒட்டியிருக்கும் பொருட்களை இங்கே வாங்குங்கள். படகோடு சேர்ந்த பொருட்களை அங்கே வாடகைக்கு எடுங்கள்.

அல்கான்குவின், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1893-இல் உருவான பூங்கா. பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். படகுப் பாதைகள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் உண்டு. ஒரு ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும் வரை நடுவில் காட்டுப் பாதை வரும். அங்கே படகைக் கவிழ்த்துத் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும். போர்ட்டேஜ் என்பார்கள். எத்தனை மீட்டர் நடக்க வேண்டும் என்று பூங்கா வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கும். 500 மீட்டர்தானே என்று நினைக்காதீர்கள். சுமையை இரண்டு நடையாகக் கொண்டுபோனால், போக, திரும்ப, மறுபடி போக என்று 1,500 மீட்டர் ஆகிவிடும். அதனால் எந்தப் பொருளை எடுத்தாலும் முதலில் எடையைப் பாருங்கள், விலை அப்புறம். கெவ்லார் என்ற லேசான, உறுதியான இழையில் செய்த கேனோ 18-20 கிலோ, அலுமினியம் என்றால் 30 கிலோவைத் தாண்டும். வாடகை கொஞ்சம் கூடினாலும் கெவ்லாரையே கேட்கச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது.

லைஃப் ஜாக்கெட்டை இங்கே வாங்க வேண்டாம். படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை ஒப்புதல் கொடுத்த ஜாக்கெட்டைப் படகு வாடகைக் கடையிலேயே தருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜாக்கெட்டைப் போட்டு எல்லா வாரையும் இறுக்கிக்கொண்டு, இரண்டு தோள் பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அது உங்கள் அளவில்லை, வேறு கேளுங்கள். படகில் ஏறினால் இறங்கும் வரை அதைக் கழற்றக் கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதேதான்.

டென்டும் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். இங்கே மலிவாகக் கிடைப்பவற்றில் பல ஒற்றைத் துணி டென்ட். குளிர்ந்த ஏரிக்கரையில் நம் மூச்சின் ஈரமே உள்பக்கம் படிந்து விடியற்காலையில் சொட்டும். உள்ளே வலைத்துணி, வெளியே மழைத்துணி என்று இரண்டு அடுக்கு வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக் இங்கே வாங்கலாம். ஜூலையிலும் அங்கே இரவில் 10 டிகிரி பக்கம் இறங்கும். ஏமாறும் இடம் லேபிள்தான். நல்ல பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலை அச்சிட்டிருப்பார்கள், பக்கத்தில் ஐஎஸ்ஓ 23537 என்ற தர எண்ணும் இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைக்கும் அளவு, தூங்கும் அளவு இல்லை. கடைக்காரர் "மைனஸ் வரைக்கும் தாங்கும் சார்" என்றால் கம்ஃபர்ட் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அது 5 டிகிரி பக்கம் இருந்தால் போதும். ஒரே ஒரு எண் மட்டும் போட்ட பையை எடுக்காதீர்கள்.

மழைக்கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் போன இடமெல்லாம் மேலே ஒரு பட்டை டேப் ஒட்டியிருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். தண்ணீர் புகாத டிரை பேக்கையும் கடையிலேயே சோதிக்கலாம். வாயை விரித்துக் காற்றைப் பிடித்து, விளிம்பை மூன்று மடிப்பு உருட்டி, கொக்கியைப் போட்டு, மார்போடு அணைத்து நன்றாக அழுத்துங்கள். உஸ் என்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜீன்ஸும் காட்டன் சட்டையும் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது. முழுக்கை, முழுக்கால் பாலியெஸ்டர் உடை வெளிர் நிறத்தில் வாங்குங்கள். மே, ஜூனில் கடிக்கும் கருப்பு ஈ ஜூலையில் குறைந்துவிடும், கொசு இருக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு விதி உண்டு. பூங்காவின் உட்பகுதிக்கு டின், கண்ணாடி பாட்டில் போன்ற தூக்கிப்போடும் டப்பாக்களைக் கொண்டுபோகத் தடை. ஊறுகாய், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி எல்லாம் திரும்பத் திரும்பப் பயன்படும் டப்பாவுக்கு மாறட்டும். விமானத்தில் கொண்டுபோகும் எல்லா உணவையும் கனடாவில் இறங்கியதும் அறிவித்துவிடுங்கள், இறைச்சிப் பண்டம் எதுவும் வேண்டாம். அந்தக் காட்டில் கருங்கரடி உண்டு. அதனால் உணவுப் பையை, பற்பசையையும் சேர்த்து, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கயிற்றில் தொங்கவிடுவார்கள். நல்ல நைலான் கயிறு 20 மீட்டர் இங்கிருந்தே வாங்கிப் போகலாம். அடுப்புக்கான கேஸ் குப்பி, கரடி ஸ்பிரே இரண்டுக்கும் விமானத்தில் இடமில்லை.

முகாம் இடத்துக்கு 5 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். மாப்பிள்ளை பதிவு செய்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

கேள்வி: அதே பூங்காவுக்கு அண்ணன் கூப்பிட்டிருக்கிறார். ஆன்லைனில் மீன் பிடிக்கும் ராட், ரீல், நரம்பு, முள் எல்லாம் சேர்ந்த செட் 1,500 ரூபாய் என்று வருகிறது. வாங்கலாமா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஆன்டெனா மாதிரி உள்ளே போகும் டெலஸ்கோப் ராட். கொஞ்ச நாளில் வளையங்கள் சுற்ற ஆரம்பிக்கும், பெரிய மீன் இழுக்கும்போது கணு நழுவும். நான்கு துண்டாகக் கழற்றும் ஆறு அடி, ஆறரை அடி ராடாகப் பாருங்கள், பெட்டிக்குள் அடங்கும். ரீலை நேரில் கடையில் வாங்குவதே நல்லது. நரம்பு எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்று வைக்கும் டிராக் திருகைப் பாதி இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுங்கள். ஒரே சீராக வர வேண்டும். விட்டு விட்டு வந்தால், மீன் துள்ளும் நேரத்தில் நரம்பு அறுந்துவிடும். 6 முதல் 8 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு போதும்.

முள், கத்தி எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். உயிருள்ள சிறு மீனை இரையாகப் பயன்படுத்துவதும் வைத்திருப்பதும் அல்கான்குவினில் குற்றம், அதனால் லூர் எனும் செயற்கை இரை வாங்குங்கள். வெளிநாட்டவர் 18 வயது நிரம்பியவர் என்றால் ஒன்டாரியோ மீன்பிடி உரிமம் கட்டாயம். ஒரு நாள், 8 நாள் என்று கிடைக்கிறது. 8 நாள் உரிமத்துக்கு அவுட்டோர்ஸ் கார்டு என்ற ஒன்டாரியோ அரசு அட்டையும் எடுக்க வேண்டும். உரிமத்தில் கன்சர்வேஷன் வகை விலை குறைவு, ஆனால் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையும் குறைவு. நாலு பேர் சாப்பிட அது போதும். ஜூலையில் டிரவுட் ஆழத்துக்கு இறங்கிவிடும், புதியவர் கைக்குச் சிக்குவது ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீன்தான். பாதரசம் சேரும் என்பதால் எந்த ஏரியின் எந்த மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசே வழிகாட்டி போட்டிருக்கிறது. வறுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சென்னைப் பக்கத்திலேயே இப்படி ஒரு பயணம் போக முடியாதா? (பெரம்பூர் வாசகி)

பதில்: துடுப்புப் பழக முடியும். கோவளம், முட்டுக்காடு பக்கம் கயாக் பழக்குகிறார்கள். கனடா போகிறவர்களும் இரண்டு காலை அங்கே போய்ப் பழகிவிட்டுப் போங்கள். காட்டில் தங்கி மீன் பிடிப்பது வேறு கதை. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம், அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. செம்பரம்பாக்கமும் புழலும் நாம் குடிக்கும் தண்ணீர். காவிரிக் காடுகள் 2014-இலும் 2022-இலும் வடக்கு, தெற்கு சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டவை, ஆற்றில் முதலையும் உண்டு. அங்கே கூடாரம், தூண்டில் எல்லாம் ஏற்பாடு செய்து தருவதாக யாராவது முன்பணம் கேட்டால் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: காற்றடைக்கும் கயாக் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இரண்டாவது முறை ஊதியபோதே ஓரத்தில் காற்றுப் போகிறது. "ரிட்டர்ன் கிடையாது என்று பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். (திருவான்மியூர் வாசகர்)

பதில்: பில்லில் போட்டுவிட்டால் சட்டம் மாறிவிடாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது, அதற்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

அதற்கு முன் ஆதாரம் வேண்டும். சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு ஒட்டு ஓரத்திலும் வால்விலும் தடவுங்கள். குமிழ் கிளம்பும் இடத்தை, தொடர் எண் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஊதிய நிலையில் மொட்டை மாடி வெயிலில் விட்டுவைத்தீர்களா என்று கட்டாயம் கேட்பார்கள். வெயிலில் உள்காற்று விரிந்து ஒட்டுப் பிரியும் என்பது உண்மை, அப்படி விட்டிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான். நிழலில் ஊதியும் பிரிந்தது என்றால் தைரியமாகப் போங்கள்.

தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. அதுவரை கயாக்கை நீங்களே பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், பரிசோதனைக்குக் கேட்டால் இப்போது இருக்கும் நிலையிலேயே காட்ட வேண்டும்.