வாடகை கொடுப்பது வீண் பணமா?

கேள்வி: இரண்டு பிள்ளைகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறோம். இதுவரை மூன்று முறை வீடு மாறிவிட்டோம். "வாடகை வீண், அதையே தவணையாகக் கட்டினால் வீடு சொந்தமாகும்" என்கிறார்கள் உறவினர்கள். சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதிக்கு 20 வருடக் கடன் வாங்கலாமா? கணவருக்கு மூன்று வருடத்துக்குள் இடமாற்றம் வரலாம்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள் சகோதரி. காரணம், உங்கள் கடிதத்தின் கடைசி வரி.

கொடுத்த வாடகை திரும்பி வராது, உண்மைதான். ஆனால் கட்டிய வட்டியும் திரும்பி வராதே! 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் என்றால், முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். 5 வருடம் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் சுமார் 11 சதவீதம்தான் குறைந்திருக்கும். மூன்றே வருடத்தில் விற்க நேர்ந்தால், வாங்கும்போது கட்டிய பதிவுச் செலவும், தரகும் உங்கள் தலையில்தான் விழும். அதற்குள் விலை ஏறிவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு வீட்டின் விலையை, அதே மாதிரி வீட்டுக்கான ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். 15க்குக் கீழே வந்தால் வாங்க யோசிக்கலாம். 20ஐத் தாண்டினால் பெரும்பாலும் வாடகைதான் மலிவு.

சரி, உங்களை உண்மையில் வருத்துவது வாடகை இல்லை, அடிக்கடி மூட்டை கட்டுவதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கும் அது பெரிய பாரம். வீட்டு உரிமையாளரிடம் மூன்று வருட ஒப்பந்தம் கேளுங்கள். வாடகை எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வீடு காலியாகக் கிடந்தால் அவருக்கும் நஷ்டம் என்பதால், ஒழுங்காக வாடகை தருபவர் கேட்டால் பலரும் சம்மதிப்பார்கள்.

அப்புறம், தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் பிறந்ததும் தனிக் கணக்கில் போடுங்கள். கடன் வாங்கியவரைத் தவணையே சேமிக்க வைக்கும். வாடகைக்கு இருப்பவர் தானாகச் செய்ய வேண்டும். இதை விட்டால் நான் சொன்ன கணக்கு உங்களுக்குப் பலிக்காது.

இடமாற்றம் முடிந்து, ஏழெட்டு வருடமாவது இருக்கப்போகிற ஊர் எது என்று தெரிந்ததும் வாங்குங்கள். அப்போதும் சேமிப்பைத் துடைத்து எடுக்க வேண்டாம். சொந்த வீட்டில் கூரை ஒழுகினால் நீங்கள்தான் செலவு செய்ய வேண்டும். ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டு, மீதியை மட்டும் வீட்டுக்குப் போடுங்கள்.