ஜெரால்ட்டைப் பிழைக்க வைத்தது யார்?

கேள்வி: பழைய வீடியோ கேம்களின் பக்கத்தில்கூட இன்றைய கேம்கள் வர முடியாது. சூப்பர் மேரியோவில் இருந்த உழைப்பு இப்போது எங்கே? எல்லாம் வெறும் கிராபிக்ஸ். அதைவிடக் கொடுமை, நல்ல ஃபேன்டஸிக் கதைகளைத் தொடராக எடுக்கிறேன் என்று நாசம் செய்வது. ‘விட்சர்’ கேமை நெட்ஃபிளிக்ஸ் கெடுத்தது. ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில் எல்ஃப் என்ற தேவகுலத்தவனாகக் கறுப்பு நிற நடிகர்! பீட்டர் ஜாக்சன் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் செய்ததுபோல் மூலத்தில் இருப்பதை அப்படியே எடுத்தால் என்ன குறைந்துவிடும்? ரசிகர்களைக் கேட்டு எடுத்தால் இந்தக் கதி வருமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நெட்ஃபிளிக்ஸ் கை வைத்தது கேமில் இல்லை, ஐயா. ‘விட்சர்’ நாயகன் ஜெரால்ட் பிறந்தது 1986-இல், ‘ஃபன்டாஸ்திகா’ என்ற போலந்துப் பத்திரிகையில் வந்த ஒரு சிறுகதையில். எழுதியவர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கி. அப்புறம் இன்னும் பல கதைகள், நாவல்கள். கேம் வந்தது 2007-இல்தான். நீங்கள் மூலம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவதே ஒரு தழுவல். அதுவும் எப்பேர்ப்பட்ட தழுவல்! (நாவல்களைப் படிக்கும் எண்ணம் இருந்தால் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்.) மூல நாவல் வரிசையின் கடைசிப் புத்தக முடிவில், ரிவியா நகரத்துக் கலவரத்தில், யாரோ ஒருவன் வைக்கோல் வாரும் கவைக்கம்பால் ஜெரால்ட்டைக் குத்திவிடுகிறான். பூதங்களை வெட்டிச் சாய்த்தவன் சாதாரண ஊர்க்காரன் ஒருவன் கையில் விழுகிறான். அதன்பின் இருக்கிறானா, இல்லையா என்பதை சப்கோவ்ஸ்கி மூடுமந்திரமாகவே விட்டுவிட்டார். கேம் கம்பெனிக்கோ அவன் வேண்டும். ஞாபகம் தப்பிக் கிடந்தான் என்று சொல்லி எழுப்பிவிட்டார்கள். எழுத்தாளர் வைத்த முடிவையே மாற்றிய கேம் உங்களுக்குக் காவியம். சம்பவங்களை மாற்றிய தொடர் துரோகம். இது என்ன கணக்கு?

அந்தத் தொடருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. முதல் சீசனில் மூன்று வெவ்வேறு காலத்துச் சம்பவங்களைக் கலந்து போட்டு, எது எப்போது நடக்கிறது என்று சொல்லாமல் பார்ப்பவர்களைத் திண்டாட விட்டார்கள். அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ‘கேமில் இப்படி இல்லையே’ என்பது மட்டும் ஒரு குறை ஆகாது.

ஜாக்சன் அப்படியே எடுத்தாராம்! டோல்கீன் எழுதிய புத்தகத்தில் வரும் டாம் பாம்படில் எங்கே போனார்? காயம்பட்ட நாயகன் ஃப்ரோடோவுக்கு உதவ, புத்தகத்தில் குதிரையோடு வருபவன் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃப். படத்தில் அந்த வேலை ஆர்வென் என்ற எல்ஃப் பெண்ணுக்குப் போய்விட்டது. போர் முடிந்து ஊர் திரும்பும் ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள், தங்கள் ஊரான ஷயரே சீரழிந்து கிடப்பதைக் கண்டு அதை மீட்கும் அத்தியாயம் அடியோடு இல்லை. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 2012-இல் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குத் தந்த பேட்டியில், அப்பாவின் புத்தகத்தை இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்று கொதித்திருந்தார். மகனுக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்குப் பிடித்திருக்கிறது. தப்பே இல்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடித்ததற்குக் காரணம் அப்படியே எடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ விஷயத்துக்கு வருவோம். அமேசான் வாங்கிய உரிமையில், அந்த உலகத்தின் பழங்கதைகளை டோல்கீன் எழுதிய ‘சில்மரில்லியன்’ சேர்த்தி இல்லை. பெரும்பாலும் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ புத்தகத்தின் பின்னிணைப்புகளை வைத்துக்கொண்டுதான் கதை கட்டினார்கள். அப்படியே எடுப்பதற்கு அங்கே முழுக்கதை ஏது? ஆயிரக்கணக்கான வருடங்களில் நடப்பதை ஒரு மனிதனின் ஆயுளுக்குள் அடைத்துவிட்டார்கள் என்று நீங்கள் கேட்டிருந்தால் நியாயம். அதை விட்டுவிட்டு உங்கள் கண் நடிகரின் தோலில் போய் நிற்கிறது. அவர் நடிக்கும் அரோண்டிர், டோல்கீன் எழுதாத, தொடருக்காகவே உண்டாக்கிய பாத்திரம்.

நிறம்தான் பிரச்சினை என்றால் உங்களுக்கு இன்னொரு வழக்கு தருகிறேன். அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய நண்பன் வெட்ச் கறுப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் எங்கோ கிழக்குத் தீவுகளில் இருக்கும் முரடர்கள். வேண்டுமென்றே அப்படி எழுதினார் அம்மையார். 2004-இல் சை ஃபை சேனல் அதைக் குறுந்தொடராக எடுத்தபோது நாயகன் வெள்ளைக்காரப் பையன் ஆகிவிட்டான். இன்னொரு கூத்தும் நடந்தது. அந்த உலகத்தில் ஒருவனின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அவன்மேல் அதிகாரம் வந்துவிடும். அதனால் அதை உயிருக்குயிரானவர்களிடம்தான் சொல்வார்கள். ஊருக்கு அவன் ஸ்பேரோஹாக், ரகசியப் பெயர் கெட். தொடரில் இரண்டையும் தலைகீழாக்கி, ‘கெட், கெட்’ என்று ஊரே கூப்பிடுகிறது! லெ குவின் வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். பாம்படில் இல்லாமல் டோல்கீனின் கதை நிற்கும். பெயர் பற்றிய விதி குலைந்தால் எர்த்ஸீயில் மந்திரமே இல்லை. மூலத்துக்கு விசுவாசம் என்று இன்று பொங்குகிறவர்கள் இந்தத் தொடரையும் ஒரு வார்த்தை திட்டிவிட்டு வரட்டும், பிறகு பேசுவோம்.

மேரியோ விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், பாதி தூரம் வரை. 1985-இல் வந்த சூப்பர் மேரியோ மொத்தமே 40 கிலோபைட். இடம் போதாமல், மேகத்தின் படத்துக்கே பச்சை நிறம் கொடுத்துப் புதராகத் தரையில் வைத்தார்கள். முதல் கட்டத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். கேள்விக்குறி போட்ட பெட்டியை முட்டினால் காளான் வெளியே வரும். வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, திரும்பி உங்களை நோக்கியே வரும். எதிரி என்று பயந்து குதித்தால் மேலே இருக்கும் பெட்டி தலையில் இடிக்கும், அந்தக் காளான்மேலேயே விழுவீர்கள். விழுந்ததும் மேரியோ பெரிய ஆளாகிவிடுவான். ஒரு எழுத்து விளக்கம் இல்லாமல், காளான் நல்லது என்று பாடம் நடத்தி முடித்துவிட்டார் அந்த கேமை உருவாக்கிய மியாமோட்டோ. இதை எப்படி அப்படியே படமெடுப்பது? அந்த சந்தோஷம் உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது, கதையில் இல்லை. 1993-இல் பாப் ஹாஸ்கின்ஸை வைத்து எடுத்த மேரியோ படம் தோற்றுப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அதற்காகப் பழையதெல்லாம் தங்கம் ஆகிவிடாது. 1982-இல் ‘ஈ.டி.’ படத்தை, கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தே வாரத்தில் கேமாக்கியது அடாரி கம்பெனி. விற்காத கேசட்டுகளை மற்ற சரக்கோடு சேர்த்து நியூ மெக்சிகோவில் ஒரு குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியும் எடுத்துவிட்டார்கள். அதுவும் உங்கள் பொற்காலத்துச் சரக்குதான்.

கேமைப் படமாக்கத் தெரிந்தவர்கள் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமில் ஃப்ராங்க் என்பவனை நாம் பிணமாகத்தான் பார்க்கிறோம். தூக்கில் தொங்குகிறான், கூட்டாளி பில்மேல் வெறுப்பைக் கொட்டி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறான். 2023 தொடரின் மூன்றாவது அத்தியாயம் இதைப் புரட்டிப்போட்டு, அந்த இருவரும் சேர்ந்து வாழ்ந்து மூப்படைகிற கதையாக்கியது. கேம் ஆடுபவரின் கையை விட்டு அந்தக் கதை இத்தனை நேரம் விலகியிருக்க முடியாது. திரையால் முடியும். மாற்றும்போது கேமை எழுதிய நீல் ட்ரக்மனும் கூடவே இருந்தார்.

ரசிகர்களைக் கேட்டு எடுப்பது? கேட்டார்கள். 2019-இல், கேமில் வரும் சோனிக் என்ற நீல முள்ளெலியைப் பற்றிய படத்தின் டிரெய்லரில் அந்த முள்ளெலியின் பற்களைப் பார்த்து உலகமே அலற, படத்தைத் தள்ளிவைத்து உருவத்தைத் திருத்தி அடுத்த பிப்ரவரியில் வெளியிட்டார்கள். நல்ல காரியம். பல்லைத் திருத்த ரசிகர்கள் போதும். ஆனால் விட்சர் கேம் பைத்தியமான ஹென்றி கவிலே ஜெரால்ட்டாக நடித்தும் தொடர் உங்களுக்குப் பிடிக்கவில்லை. மூன்று சீசனோடு அவரும் கிளம்பிவிட்டார்.

இப்போது ‘செல்டா’ படமாகிறது. 1986 முதல் அந்த கேம்களில் லிங்க் என்ற நாயகனுக்கு வசனம் என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. படத்தில் அவன் பேச வேண்டுமா, ஊமையாகவே வர வேண்டுமா? அப்படியே எடுக்கச் சொன்னவர் நீங்கள். அடுத்த கடிதத்தில் இதற்கு ஒரு பதில் போடுங்கள்.