ஊறுகாய்க்குள் சோடியம் பென்சோயேட்: டர்பன் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, ஒரு கிலோ மாங்காய் ஊறுகாய்க்கு எவ்வளவு போடலாம்?

சோடியம் பென்சோயேட் என்பது ஈஸ்ட், பூஞ்சையைத் தடுக்கும் பதப்படுத்தும் தூள், பென்சோயிக் அமிலத்தின் உப்பு. அதில் 1 கிராம் போதும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதிப்படி ஊறுகாய்க்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். இது பென்சோயிக் அமிலமாகப் போட்ட கணக்கு. சோடியம் பென்சோயேட்டாகப் பார்த்தால் சுமார் 1.18 கிராம் வரும். தேக்கரண்டியை நம்பாதீர்கள். 10 கிராம் தூளைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லியாக்குங்கள். அதில் 10 மில்லி எடுத்தால் சரியாக 1 கிராம். மிச்சக் கரைசலை அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

பீனிக்ஸிலிருந்து: தூளை நேரே வினிகரில் போட்டேன். வெள்ளை வெள்ளையாகத் திரிந்துவிட்டது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. சோடியம் பென்சோயேட் தண்ணீரில் சட்டெனக் கரையும். புளிப்பு பட்டதும் பென்சோயிக் அமிலமாக மாறும். அதுவோ லிட்டருக்கு 3 கிராம் அளவுதான் கரையும். தூள் விழுந்த இடத்தில் செறிவு கூடிப்போவதால் படிகமாகிறது. முதலில் தண்ணீர்க் கரைசலைக் காயில் கலந்து பிசறி, பிறகு வினிகரைக் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். எண்ணெய் கடைசியில். எண்ணெய் பூசிய படிகம் லேசில் கரையாது.

டோங்காட்டிலிருந்து: அளவாகத்தான் போட்டேன் அக்கா. கேரட், பீன்ஸ் ஊறுகாய் இரண்டே வாரத்தில் நுரைக்குதே?

இங்கே குறை புளிப்பில்தான் இருக்கும். அயனியாகப் பிரியாத அமிலம் மட்டுமே ஈஸ்ட், பூஞ்சைச் செல்லுக்குள் நுழையும். புளிப்பை அளக்கும் எண்ணே பி.எச்.; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். பி.எச். 3.2இல் சுமார் 90 சதவீதம் அந்த வடிவில் இருக்கும், 4.2இல் பாதி, 5.2 வந்தால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கேரட்டும் பீன்ஸும் இயல்பிலேயே புளிப்புக் குறைந்தவை. மேலே வினிகர் மிதந்தாலும் தடித்த துண்டின் நடுவில் இறங்க நாளாகும். மெல்லியதாக நறுக்கி, வினிகரில் ஊறவைத்த பிறகு மசாலா சேருங்கள். காயும் சாறுமாக அரைத்து, எண்ணெயை ஒதுக்கி பி.எச். மீட்டரால் அளங்கள், 4.0க்குக் கீழே இருக்க வேண்டும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் ஏறினால் காகிதப் பட்டையின் நிறத்தை நம்ப முடியாது.

இன்னொன்று: எண்ணெய் அதிகமானால் அமிலத்தில் ஒரு பங்கை அது இழுத்துக்கொள்ளும். சைகோசாக்கரோமைசிஸ் பெய்லி என்ற ஈஸ்ட் பென்சோயேட்டுக்கு லேசில் மசியாது. நுரைத்ததில் மேலும் தூளைக் கொட்டிப் பயனில்லை. மூடி உப்பியிருந்தால் ருசி பார்க்காமல் எறியுங்கள்.

அதே வாசகர்: லோட் ஷெட்டிங்கில் (முறைவைத்த மின்வெட்டில்) கெடாமல் இருக்கக் கறியிலும் தேங்காய்ச் சட்னியிலும் போடலாமா?

வேண்டாம். அவற்றில் புளிப்பு போதாது, அதனால் வேலை செய்யாது.

வெருலத்திலிருந்து: கிரனடில்லா (பேஷன் பழ) சிரப்புக்கு இது ஒத்துவருமா?

அதில் வைட்டமின் சி உண்டு. பென்சோயேட்டும் வைட்டமின் சியும் சேர்ந்து, வெயிலும் சூடும் பட்டால் நுண்ணளவு பென்சீன் உண்டாகலாம்; இரும்பு, செம்பு அயனிகள் அதைத் தூண்டும். பென்சீன் புற்றுநோய் தரும் பொருள். பொட்டாசியம் சார்பேட் என்ற வேறு பதப்படுத்தும் பொருளுக்கு மாறிவிடுங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து: தினமும் சாப்பிட்டால் உடம்பில் தங்குமா?

தங்காது. கல்லீரல் அதைக் கிளைசினுடன் சேர்த்து ஹிப்யூரிக் அமிலமாக்கி, சிறுநீரில் வெளியேற்றிவிடும். 2021இல் ஜெக்ஃபா என்ற சர்வதேச உணவுச் சேர்க்கைப்பொருள் நிபுணர் குழு, தினசரி ஏற்பளவை (வாழ்நாள் முழுக்கத் தினமும் உண்டாலும் தீங்கில்லாத அளவை) உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை என உயர்த்தியது. 50 கிராம் ஊறுகாயில் இருப்பது 50 மில்லிகிராம். உப்புக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மட்டும் இது ஒவ்வாது. ஆகவே விற்பதாக இருந்தால் லேபிளில் பெயரைப் போட்டுவிடுங்கள்.