பாலைவனத்தில் வண்டி பழுதாகி நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?

உண்டு, ஒரே ஒரு முறை. அதுவும் அந்த வண்டி மூன்று தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் நின்றது. காதில் போட்டுக்கொள்ளாதது நான்.

வண்டியில் மூன்று பேர். நான், என் மனைவியின் அண்ணன், அவருடைய 16 வயது மகன். பாலைவனத்துக்குள் ஒற்றை வண்டியில் போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கூட வருவதாக இருந்த நண்பர் விடியற்காலையில் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லிவிட்டார். டேங்க் நிரப்பியாயிற்று, லீவு போட்டாயிற்று, பையன் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான். சரி, உள்ளே ரொம்பப் போகாமல் ஓரமாகவே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினோம். மணலில் இறங்கி நாலு மேடு தாண்டினால் ஓரம் எது, உள்ளே எது என்று யாருக்குத் தெரியும்?

முதல் தடவை அது சொன்னது முந்தின வாரமே. பானெட்டைத் திறந்து பார்த்தபோது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (இன்ஜினையும் ரேடியேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய்), அதை இறுக்கும் கிளாம்ப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் லேசாக உப்பியிருந்தது. அழுத்திப் பார்த்தால் பழுத்த பழம் மாதிரி மெத்தென்று உள்ளே போனது. போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று பானெட்டை மூடிவிட்டேன்.

இரண்டாவது, காலை 10 மணி வாக்கில். மணலில் புதையாமல் இருக்க டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 15க்கு இறக்கி, லோ கியரில் மெதுவாக மணலில் போய்க்கொண்டிருந்தோம். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. வண்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போக, காற்றும் அதே வேகத்தில் பின்னாலிருந்து வந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் காற்றே இல்லை என்று அர்த்தம். மொத்த வேலையும் ஃபேன் தலையில். அதனால் முள் ஏறியதற்கு ஒரு நியாயமான காரணம் கையிலிருந்தது. நியாயமான காரணம் கிடைத்துவிட்டால் மனிதன் அதற்கப்புறம் எதையும் பார்ப்பதில்லை.

மூன்றாவது வாசனை. பையன்தான் கண்டுபிடித்தான். "மாமா, என்னமோ தித்திப்பா வாசனை வருது." கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிரவைக்க ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர்க் கலவை, கசிந்து சூட்டில் ஆவியானால் அப்படித்தான் இருக்கும். நான், "அது டேஷ்போர்டு பாலிஷ்டா" என்றேன். இதை அவன் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த மேட்டில் ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது. பாதி ஏற்றத்தில் நின்றால் மணலில் புதைந்துவிடுவோம் என்று மிதித்து மேலே ஏற்றினேன். உச்சியைத் தாண்டியதும் முள் சட்டென்று கீழே இறங்கியது. எனக்கு உயிரே வந்தது. "பாத்தீங்களா மச்சான், இறங்கிடுச்சு!"

"வண்டிய நிறுத்துங்க மாப்பிள்ள. இப்பவே நிறுத்துங்க."

மச்சான் பல வருடம் லாரி ஓட்டியவர். முள் இறங்கியது இன்ஜின் ஆறியதால் அல்ல. ஹோஸ் வெடித்து, தண்ணீர் வெளியே போய், சென்சாரைத் தொடுவதற்குத் தண்ணீர் இல்லாமல் போனதால். அந்த சென்சார் தண்ணீருக்குள் இருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் உள்ளே இரும்பு பழுக்கக் காய்ந்தாலும் அது எல்லாம் நலம் என்று காட்டலாம். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். முள் மெதுவாக இறங்கினால் நிம்மதியாக இருக்கலாம். சிவப்பிலிருந்து தடாலென்று விழுந்தால் அந்த நொடியே இன்ஜினை அணைக்க வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய், அங்கே வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாத நிலைக்கு வந்திருப்போம்.

தண்ணீர் உள்ளே இருந்து, சூடு மட்டும் ஏறுகிறது என்றால் கதை வேறு. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, வண்டியின் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி, இன்ஜினை ஓடவிட்டபடியே ஆறவைக்கலாம். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். 10 மணிக்கு நான் செய்திருக்க வேண்டியது அது.

நிறுத்தியதும் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனேன். மச்சான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மூடி இறுக்கமாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் கூடுவதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் மிச்சமிருப்பது ஒரே நொடியில் கொதித்துப் பொங்கி, ஆவியோடு முகத்தில் அடிக்கும். ஹோஸ்தான் வெடித்துவிட்டதே என்றேன். "எங்க வெடிச்சிருக்குன்னு பார்த்தீங்களா? எதுவும் அடைச்சிருக்கான்னு தெரியுமா?" என்றார். தெரியாது. ஹோஸை வெறும் கையால் பிடிக்க முடிகிற வரைக்கும் தொடக்கூடாது என்றார். அதற்கு ஒரு மணி நேரம் ஆனது.

அந்த ஒரு மணி நேரம்தான் கஷ்டம். வண்டியின் நிழல் பக்கமாகத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். மணல் கொதித்தது, பின் சீட்டைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தோம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்கே சூடு குறைகிறது என்பதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். போனில் சிக்னல் இல்லை, ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு போன் சிக்னல் தேவையில்லை. இருக்கிற இடத்தை அது காட்டியது. நாங்கள் விட்டுவந்த கெட்டியான பாதை 18 கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

பையனுக்குத் தூரத்தில் ஒரு கம்பம் தெரிந்தது. "அந்தா இருக்கு, நடந்தே போயிடலாம்." அவனைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் கால் துறுதுறுத்தது. அந்த மாதிரி வெளியில் 2 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும் கண்ணுக்கு ஒன்றுதான். தேடி வருகிறவர்களுக்கும் நடக்கிற மனிதனைவிட நிற்கிற வண்டிதான் முதலில் கண்ணில் படும். எந்தப் பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மாலை 6 மணிக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். எனவே யாரும் எங்கும் நடக்கவில்லை.

ஹோஸ் கிழிந்திருந்தது நான் அழுத்திப் பார்த்த அதே இடத்தில். கிளாம்பை ஒட்டி இரண்டு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. நல்லவேளை ஓரத்தில் கிழிந்தது. மச்சான் கத்தியால் கிழிந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதி ஹோஸை இழுத்து ரேடியேட்டர் வாயில் செருகி, பழைய கிளாம்பையே போட்டு முடுக்கினார். மேலே, இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் மூன்று சுற்று. பத்து நிமிட வேலை.

அடுத்தது தண்ணீர். 20 லிட்டர் கொண்டுவந்ததில் 16 மிச்சம். வண்டிக்கு எவ்வளவு, வாய்க்கு எவ்வளவு? மச்சான் முதலில் 10 லிட்டரை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார். இதைத் தொடக்கூடாது, வண்டி கிளம்பாவிட்டால் இதுதான் நமக்கு என்றார். மீதி 6 லிட்டர் வண்டிக்கு. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் விரிசல் விடலாம். மூடியையும் முழுசாகத் திருகாமல் முதல் பிடிப்போடு விட்டார். அழுத்தம் ஏறாமல் இருந்தால் ஒட்டுப்போட்ட ஹோஸ் தாங்கும். அதற்கு விலை, தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும்.

பிற்பாடு படித்தபோது தெரிந்தது, இந்த ஆவிப் பிரச்சினை பாலைவனத்தில் கார் ஓடத் தொடங்கிய காலத்தியது. 1930 வாக்கில் லிபியப் பாலைவனத்தை ஃபோர்டு கார்களில் சுற்றிய ரால்ஃப் பாக்னோல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர், ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயை எடுத்து, பக்கத்தில் கட்டிய தண்ணீர் டப்பாவுக்குள் விட்டிருந்தார். வெளியேறும் ஆவி டப்பாத் தண்ணீரில் குளிர்ந்து தண்ணீராகிவிடும். டப்பாவும் கொதித்தால் வண்டியைக் காற்றைப் பார்த்து நிறுத்துவார்கள். இன்ஜின் ஆற ஆற ரேடியேட்டரே அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சொட்டு வீணில்லை. நம் வண்டிகளில் இருக்கும் கூலன்ட் டப்பாவும் அதே வேலையைத்தான் செய்கிறது.

உடனே கிளம்பவில்லை. உச்சி வெயிலில் மணல்மேட்டுக்கு நிழலே விழாது, எது ஏற்றம் எது பள்ளம் என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும். 4 மணிக்கு மேல் நிழல் நீண்டதும் ஒவ்வொரு மேடும் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. இந்த முறை மச்சான் ஓட்டினார். ஏசி இல்லை, ஹீட்டர் முழு வேகம், ஜன்னல்கள் திறந்தபடி. கால்மணிக்கு ஒரு தடவை நிறுத்தி ஆறவிட்டு, எட்டிப் பார்த்து, ஒரு தம்ளர் இரண்டு தம்ளர் என்று ஊற்றிக்கொண்டே வந்தோம். பையன் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கெட்டிப் பாதை ஏறி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது போனில் சிக்னல் வந்தது. மணி 5:50. மனைவிக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். ஹோஸ் உப்பியிருந்ததை மட்டும் சொல்லவில்லை.

"அண்ணன்கிட்ட போனைக் குடுங்க" என்றாள்.