பிடித்துக்கொண்டு போனால் பூனை குறையுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு பூனைகள் இருந்தன. இப்போது ஒன்பது. நகர மன்றத்திடம் சொல்லி எல்லாவற்றையும் பிடித்துப் போகச் சொல்லலாமா? – வாசகர், யீஷூன்

பதில்: வேண்டாம். தீனியும் ஒதுங்க இடமும் அங்கேயே இருக்கும்போது, காலியான இடத்துக்குப் பக்கத்துப் புளோக்குப் பூனைகள் வந்து சேரும். நம் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அதனால் பூனை எந்த மாதமும் சினைப்படும். ஐந்து மாதக் குட்டிகூடச் சினைப்படலாம். சுமார் 63 நாளில் ஈன்றுவிடும். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடிக்கும். இரண்டு ஒன்பதானது இப்படித்தான்.

தேசியப் பூங்காக் கழகம் 2024 செப்டம்பர் 1 முதல் நடத்தும் திட்டம் இதற்குச் சரியான வழி: பிடி, கருத்தடை செய், வளர்க்க ஆள் இருந்தால் கொடு, இல்லையென்றால் அதே இடத்தில் விடு. இடது காது நுனி வெட்டியிருந்தால் அந்தப் பூனைக்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். முதலில் காதுகளைப் பார்த்துக் கணக்கெடுங்கள். மூன்றுக்குச் செய்துவிட்டு ஓய்ந்தால், விடுபட்ட பெண் பூனைகள் சில மாதங்களிலேயே அந்தக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். மிச்சமில்லாமல், சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும்.

கேள்வி: கருத்தடைக்காகப் பிடிக்க வைக்கும் கூண்டுப் பக்கமே ஒரு பெண் பூனை மட்டும் வருவதில்லை. என்ன செய்வது? – வாசகி, புக்கிட் பாத்தோக்

பதில்: வயிறு நிறைந்த பூனை கூண்டுக்குள் போகாது. பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது. ஒரு வாரம் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தீனி வையுங்கள். கடைசி மூன்று நாள், கதவு விழாதபடி கட்டிய கூண்டுக்குள்ளேயே வையுங்கள். முந்தைய நாள் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும். அந்தப் புளோக்கில் தீனி வைக்கும் எல்லாரும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், ஒருவர் வைத்தாலும் காரியம் கெட்டுவிடும். பிடிக்கும் நாளில் அடியில் செய்தித்தாள் விரித்து, மணக்கும் மத்தி மீனை, மிதித்தால் கதவு விழும் தகட்டுக்கு அப்பால் வையுங்கள். கதவு விழுந்த நொடியே கூண்டைத் துணியால் மூடுங்கள். இருட்டில் பூனை அடங்கிவிடும். மூடாவிட்டால் கம்பியில் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொள்ளும்.

பூனையின் முலைக்காம்பு வீங்கியிருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கலாம். அவை தாமாகத் தின்னத் தொடங்கும்வரை பொறுங்கள்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அம்மா நான்கு பூனைகள் வளர்க்கிறார். இரண்டுதானே அனுமதி? – வாசகர், தோ பாயோ

பதில்: ஆமாம், இரண்டுதான். ஆனால் வளர்ப்புப் பூனை உரிம முறைக்கான, 2026 ஆகஸ்ட் 31 வரையான மாறுகாலத்துக்குள் உரிமம் எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நான்கையும் வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் இலவசப் பயிற்சியை முடித்து, கால்நடை மருத்துவரிடம் மைக்ரோசிப் (அடையாளச் சில்லு) பொருத்தி, விண்ணப்பிக்க வேண்டும். கருத்தடை செய்த பூனைக்கு மாறுகாலத்தில் உரிமம் இலவசம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் இலவசமாகச் செய்துதரும் திட்டமும் உண்டு. கெடு தாண்டி உரிமமின்றி வளர்த்தால் 5,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம். அதற்குப் பயந்து கீழே கொண்டு விட்டுவிடாதீர்கள்: கைவிடுவது 10,000 வெள்ளி வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். வீட்டுப் பூனைக்குக் கீழ்த்தள வாழ்க்கை தெரியவும் தெரியாது.

பூனை கீழே விழாமலும் வெளியே ஓடாமலும் இருக்க, சன்னல்களோடு வாசல் கேட்டுக்கும் வலை போடுங்கள். வெல்க்ரோவில் ஒட்டும் கொசுவலை பூனை பாய்ந்தால் பிய்ந்துவிடும். கம்பிவலையைத் திருகாணி போட்டு இறுக்குங்கள். துணி காயப்போடும் சன்னலைத்தான் பலரும் மறக்கிறார்கள்.