தைரியத்த ஆட்டிகஸ்கிட்ட மட்டும் தேடாதீங்க தம்பி

கேள்வி: ஹார்ப்பர் லீ எழுதின 'டு கில் எ மாக்கிங்பேர்டு' நாவல் எங்களுக்கு காலேஜ்ல பாடமா இருக்கு. தைரியம்னா ஆட்டிகஸ் ஃபின்ச்தான்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்படி தோணல சார். கேஸ்ல தோத்துட்டாரு, அவரோட கட்சிக்காரன் செத்துட்டான், ஊரு கொஞ்சமும் மாறல. தோத்துப்போன ஒரு வெள்ளைக்கார வக்கீல எதுக்கு இப்படி தலையில தூக்கி வெச்சு ஆடணும்?
- ஒரு கல்லூரி மாணவர், திண்டுக்கல்

பதில்: கோவம் நியாயம்தான் தம்பி. ஆனா நீங்களும் உங்க கிளாஸ் மாதிரியே ஆட்டிகஸயே பாத்துட்டு இருக்கீங்க, அவங்க புகழ்றாங்க, நீங்க திட்டுறீங்க, அவ்வளவுதான். அந்த நாவல்ல உசுரையே பணயம் வெச்சு பேசின ஆள ரெண்டு பேருமே கவனிக்கல.

முதல்ல தோல்விய பேசி முடிச்சிடலாம். ஆட்டிகஸ் ஜெயிப்போம்னு நம்பி வந்த ஆளே கிடையாது. விசாரணைக்கு பல மாசம் முன்னாடியே மக ஸ்கவுட் 'ஜெயிச்சிடுவோமா'ன்னு கேக்குறா, 'இல்லம்மா'ன்னு நேரா சொல்லிடுறாரு. அவருக்கு ஊரு தெரியும். கதை நடக்குறது 1930-கள்ல, அமெரிக்காவோட அலபாமா மாநிலத்துல. நெஜத்துலயே அங்க என்ன நடந்துச்சுன்னா, 1931-ல ரயில்ல போன 9 கறுப்பின பசங்க மேல ரெண்டு வெள்ளைக்காரப் பொண்ணுங்கள கெடுத்துட்டாங்கன்னு பழி போட்டாங்க, ஸ்காட்ஸ்பரோ கேஸ்னு பேரு, சில நாள்லயே விசாரணை முடிஞ்சு 8 பேருக்கு மரண தண்டனை. அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியே 1933-ல கோர்ட்டுக்கு வந்து அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா, அப்பவும் ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ல பொதுமக்கள்ல இருந்து எடுத்த குழு, குற்றவாளின்னுதான் சொல்லிச்சு. அந்தத் தீர்ப்ப ரத்து பண்ண ஜட்ஜ் ஜேம்ஸ் ஹார்ட்டன் அடுத்த வருஷம் எலெக்‌ஷன்ல தோத்து பதவிய இழந்தாரு. ஜூரி லிஸ்ட்ல கறுப்பினத்தவங்கள சேக்காமலே வெச்சிருந்தது தப்புன்னு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது 1935-ல. இப்படிப்பட்ட இடத்துல வக்கீல் கெட்டிக்காரரா இருந்தா மட்டும் கேஸ் ஜெயிச்சிடும்னு எதிர்பாக்குறது சரியா?

இப்ப ஆட்டிகஸோட கட்சிக்காரன், கறுப்பினத்தவன் டாம் ராபின்சன் கிட்ட வாங்க. 25 வயசு, பொண்டாட்டி, மூணு புள்ளைங்க, சின்ன வயசுல பஞ்சு அரைக்கிற மெஷின்ல மாட்டி இடது கை சூம்பிப் போயிருக்கு. மயெல்லா இவெல்ங்கற வெள்ளைக்காரப் பொண்ண கெடுத்துட்டான்னு கேஸ். அந்தப் பொண்ணுக்கு அடிபட்டது முகத்தோட வலது பக்கம், அப்படின்னா அடிச்சது இடது கைக்காரனாத்தான் இருக்கணும், அவ அப்பன் பாப் இவெல் இடது கைக்காரன்னு ஆட்டிகஸ் கோர்ட்லயே அவன கையெழுத்து போட வெச்சு காட்டிடுறாரு. இது வரைக்கும் எல்லா கிளாஸ்லயும் சொல்லிக் குடுத்துடுவாங்க. ஆனா 19-வது அத்தியாயத்துல டாம் கூண்டுல ஏறி பேசுறத நிதானமா படிச்சுப் பாருங்க. மயெல்லா ஒரு வருஷமா காசு சேத்து, தம்பி தங்கச்சிங்க 7 பேரையும் ஐஸ்கிரீம் சாப்பிட டவுனுக்கு அனுப்பிட்டு, வீட்ல யாரும் இல்லாத நேரத்துல அவன கூப்பிட்டு அவளே கட்டிப் பிடிச்சத சொல்றான். அத சொன்னாலே அந்த ஊர்ல உசுருக்கு ஆபத்து. அதுக்கு மேல சர்க்கார் வக்கீல் கில்மர் மடக்குறாரு, ஏன்யா கூலி இல்லாம அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு வேலை செஞ்சு குடுத்தன்னு. சும்மாதான்னு சொல்லி தப்பிச்சிருக்கலாம். அவளப் பாத்தா பாவமா இருந்துச்சுங்கறான் டாம்.

அங்கதான் கோர்ட்டே மாறிடுது. ஒரு கறுப்பினத்தவன் வெள்ளைக்காரியப் பாத்து பரிதாபப்படுறதா, கற்பழிப்பு பழிய விட அந்த வார்த்தைய அவங்களால தாங்க முடியல, ஏன்னா பரிதாபப்படணும்னா மேல இருந்து பாக்கணும், மேல இருக்கிற உரிமை தங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சிட்டு உக்காந்திருந்தவங்க அவங்க. டாமுக்கு அது சொல்லி முடிச்ச அடுத்த நொடியே புரிஞ்சுடுது, ஆனா வார்த்தை வந்தது வந்ததுதான். ஜூரி ராத்திரி பதினோரு மணி தாண்டியும் உக்காந்து பேசிட்டு குற்றவாளின்னு வந்து சொல்லிச்சு. ஆட்டிகஸ் அப்பீல் பண்ணலாம்னு இருக்காரு, அதுக்குள்ள டாம் ஜெயில் வேலி ஏறி தப்பிக்கப் பாத்தான்னு சுட்டுடுறாங்க, உடம்புல 17 குண்டு. ரெண்டு கையும் நல்லா இருந்திருந்தா தாண்டியிருப்பான்னு காவலுக்கு இருந்தவங்களே சொல்றாங்க.

ஆட்டிகஸ் தைரியசாலி இல்லன்னு நான் சொல்ல வரல. ராத்திரி ஜெயில் வாசல்ல ஒத்த ஆளா நாற்காலி போட்டு உக்காந்து, டாமத் தேடி வந்த கும்பல எதிர்கொண்டாரு, அது பெரிய விஷயம். ஆனா அவரு இழந்தது என்ன, ஊர்ல வசவு வாங்குனாரு, இவெல் மூஞ்சியில துப்புனான், புள்ளைங்களுக்கு ஆபத்து வந்துச்சு. அடுத்த தேர்தல்ல அதே ஊர் அவர திரும்பவும் சட்டசபைக்கு அனுப்பிச்சு தம்பி. டாமுக்கு அப்படி ஒரு அடுத்த வருஷமே வரல.

வளர்றதப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், உங்க வயசுக்கு இது முக்கியம். ஸ்கவுட்டோட அண்ணன் ஜெம்முக்கு 12 வயசு சொச்சம், சாட்சி இவ்வளவு தெளிவா இருக்கே, ஜெயிச்சாச்சுன்னே நினைச்சுக்கிறான். தீர்ப்பு வாசிக்கும்போது பால்கனி கம்பிய பிடிச்சிட்டிருந்த அவன் கை வெளுத்துப் போகுது, ஒவ்வொரு தடவ 'குற்றவாளி'ங்கும்போதும் தோள் குத்து வாங்குன மாதிரி துடிக்குது. அப்புறம் வெளிய வந்து அழுறான். அதே பையன் அதுக்கு முன்னாடி டுபோஸ் பாட்டின்னு ஒரு கெழவி அப்பாவ கேவலமா பேசினான்னு அவ ஆசையா வளத்த பூச்செடியெல்லாம் வெட்டித் தள்ளினவன். தண்டனையா தினம் போய் அவளுக்கு புக்கு படிச்சுக் காட்டுறான். அந்தம்மா செத்த பின்னாடிதான் தெரியுது, மார்ஃபின்ங்கற வலி மருந்துப் பழக்கத்த சாகுறதுக்குள்ள விட்டே தீரணும்னு வலியோட போராடிட்டு இருந்தாங்கன்னு. நான் பாத்ததுலயே தைரியமான ஆள் அவங்கதான்னு ஆட்டிகஸ் சொல்றாரு. நிறவெறி பிடிச்ச ஒருத்திகிட்டயும் மனவலிமை இருக்கலாம், நல்லவங்கன்னு நினைச்ச சுத்துவட்டாரத்து ஆளுங்களே ஜூரியில உக்காந்து ஒரு அப்பாவிய சாவுக்கு அனுப்பலாம், இந்த ரெண்டையும் ஒரே மண்டைக்குள்ள வெச்சுக்க வேண்டி வந்ததாலதான் அந்தப் பையன் வளந்தான், அதுவும் ஒரே வருஷத்துக்குள்ள.

உங்க கோவத்துல ஒரு பாதிய நான் முழுசா ஒத்துக்கிறேன். இந்த நாவல் டாம் வீட்டுக்குள்ள போறதே இல்ல. அவன் மனசுல என்ன ஓடிச்சு, வேலி ஏற ஏன் முடிவு பண்ணான், எதுவும் அவன் வாயால வராது. சமையல்காரம்மா கல்பர்னியா கூடவே இருக்காங்க, அவங்க வீடு எப்படி இருக்கும்னு ஸ்கவுட் ஒரு தடவ ஆசையா கேக்குறதோட சரி. தீர்ப்புக்கு மறுநாள் காலையில ஆட்டிகஸ் வீட்டு சமையல்கட்டு முழுக்க கறுப்பின மக்கள் கொண்டு வந்து வெச்ச கோழி, தக்காளி, பீன்ஸுன்னு குவிஞ்சு கிடக்கு, அவரு கண் கலங்குறாரு, நமக்கும் கலங்கும். ஆனா அந்தப் பஞ்ச காலத்துல அத குடுத்தவங்க அன்னிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு புக்கு சொல்லாது. 1960-ல வந்து, மறுவருஷமே புலிட்சர் பரிசு வாங்கின இந்த நாவலோட பெரிய குறை இதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஊரு மாறலன்னு சொன்னீங்க, அது கதைக்கு வெளியவும் நெஜம். ஹார்ப்பர் லீ பொறந்த மன்ரோவில் பக்கத்துல வால்டர் மெக்மில்லியன்னு ஒரு கறுப்பினத்தவர். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கொலையில அவர 1987-ல பிடிச்சாங்க, சம்பவம் நடந்த நேரத்துல அவரு வீட்ல மீன் வறுத்து வித்துட்டு இருந்தாங்க, அவரு அங்க இருந்தத பாத்த சொந்தக்காரங்களும் சர்ச்சுக்காரங்களும் எத்தனையோ பேர். விசாரணைக்கு முன்னாடியே மரண தண்டனைக் கைதிங்க இருக்கிற பிளாக்ல அடைச்சாங்க. ஜூரி ஆயுள்னு சொன்னத ஜட்ஜ் மாத்தி மரண தண்டனையா எழுதினாரு. பிரையன் ஸ்டீவன்சன்ங்கற கறுப்பின வக்கீல் போராடி 1993-ல அவர வெளிய கொண்டு வந்தாரு. இந்த நாவல பெருமையா சொல்லிக்கிற அதே ஊர்.

அதனால அடுத்த செமினார்ல ஆட்டிகஸ் ஹீரோவா இல்லையான்னு பட்டிமன்றம் வேண்டாம். 19-வது அத்தியாயத்த எடுத்துட்டுப் போயி டாம் சொன்ன பதில சத்தமா வாசிங்க. கூடவே அவன் பொண்டாட்டி ஹெலனப் பத்தி பேசுங்க, புருஷன் போன பின்னாடி வேலைக்குப் போறப்ப இவெல் குடும்பம் தொல்லை குடுக்குதுன்னு கிட்டத்தட்ட ஒரு மைல் சுத்தி நடந்தே போயி புள்ளைங்கள காப்பாத்துன பொம்பள அவ. அவளுக்கு இந்த புக்குல எத்தனை பக்கம் குடுத்திருக்காங்கன்னு உங்க புரொஃபசர்கிட்ட கேளுங்க.